சலரோகக்காரருக்கு ஒப்பரேசன் காயம் ஆறாதெண்டு சொல்லுறது உண்மையோ?

கேள்வி – பெப்ரவரி 11, இரவு 8.40

அம்மாவுக்கு 63 வயசு. பத்துப் பன்ரெண்டு வருசமாச் சலரோகம், உடம்பும் கொஞ்சம் கூட. தொப்புளுக்குப் பக்கத்தில ஹேர்னியா (குடல் வெளியால தள்ளுற வருத்தம்), வலை வைச்சுத் தைக்கவேணும் எண்டு கிளினிக்கில சொல்லி ஏப்ரல் முதல் கிழமைக்குத் திகதி தந்திருக்கினம். வீட்டுக்கு வாற சனம் எல்லாம் "சீனி வருத்தக்காரருக்குப் புண் ஆறாது, கத்தி வைக்க விடாதேங்கோ" எண்டு சொல்லிச் சொல்லி அவவை நல்லாப் பயப்பிடுத்திப்போட்டுதுகள். இப்ப ஒப்பரேசனே வேண்டாமெண்டு நிக்கிறா. உண்மையிலயே ஆறாதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பெப்ரவரி 11, இரவு 10.15

ஆறும் தம்பி. சலரோகம் எண்ட பேருக்காகக் காயம் ஆறாமல் விடுறேல்லை, கட்டுப்படுத்தாத சீனிதான் ஆறவிடாது. இந்த ரெண்டையும் எங்கட சனம் ஒண்டாக்கிப்போட்டுது. அதால ரெண்டு பக்கத்தாலயும் நட்டம், ஒரு பகுதி பயந்து தள்ளித் தள்ளிக் கடைசியில குடல் இறுகி நடுச்சாமத்தில அவசர ஒப்பரேசனுக்கு ஓடுதுகள், மற்றப் பகுதி எப்பிடியும் ஆறாதுதானே எண்டு சீனியைக் கவனிக்காமலே போய்ப் படுக்குதுகள்.

நான் சத்திரசிகிச்சை வார்ட்டில தாதியா இருந்து இளைப்பாறினனான். இப்பவும் அயலுக்குள்ள மருந்து கட்டிவிடக் கூப்பிடுவினம். பிழைச்சுப்போன காயங்களின்ர கதையைத் தோண்டிக் கேட்டால் கன இடத்தில அது ஒப்பரேசன் தியேட்டருக்குப் போக முதலே வீட்டில தொடங்கியிருக்கும். உங்களுக்கு ஏப்ரல் மட்டும் ஏழு கிழமை கிடக்கு. அதைச் சும்மா விடாதேங்கோ. நாளைக்கு விரிவா எழுதுறன்.

பெப்ரவரி 12, பின்னேரம் 4.30

முதல்ல சீனி. இரத்தத்தில சீனி கூடி நிக்கேக்க கிருமியைப் பிடிச்சு விழுங்கிற வெள்ளை அணுக்கள் சோம்பிப்போகும். கன வருசச் சலரோகம் எண்டால் சின்ன இரத்தக் குழாய்களும் பழுதாகிக் காயத்தின்ர விளிம்புக்கு ஒட்சிசன் வடிவாப் போகாது, அது போகாமல் புதுத் தசை கட்டாது. அம்மாவுக்குக் கடைசியா எப்ப எச்பிஏ1சி எண்ட இரத்தப் பரிசோதனை பாத்தது? வெறும் வயித்துச் சீனி மட்டும் பாத்தால் காணாது. கிளினிக்குக்கு ரெண்டு நாள் முன்னம் சோத்தைக் குறைச்சு, இனிப்பை விட்டு, அண்டைக்கு மட்டும் நல்ல நம்பர் காட்டுற அம்மாமார் எங்கட ஊரில எத்தினை பேர். எச்பிஏ1சியிட்ட அது வாய்க்காது, போன ரெண்டு மூண்டு மாசத்துச் சராசரியை அப்பிடியே சொல்லிப்போடும். அது 8.5 வீதத்துக்கு மேல நிண்டால், அவசரமில்லாத ஒப்பரேசன் எண்டால், சீனியை இறக்கிப்போட்டு வாங்கோ எண்டு டொக்டர்மார் தள்ளி வைக்கிறது உண்டு. அப்பிடித் தள்ளி வைச்சால் கோவிக்க வேண்டாம், உங்கட நன்மைக்குத்தான். ஒப்பரேசன் நேரத்திலயும் பிறகு வாற நாளிலயும் இரத்தச் சீனியை 180 (mg/dL) க்குக் கீழ வைச்சிருக்கப் பாப்பினம்.

அதுக்காகக் கொஞ்ச நாளைக்கு இன்சுலினுக்கு மாத்தினாலும் மாத்துவினம். "ஊசி தொடங்கினால் பிறகு சாகுமட்டும் ஊசிதான்" எண்ட கதையை நம்பாதேங்கோ, காயம் ஆறினாப் பிறகு திரும்பக் குளிசைக்கு வந்த ஆக்கள் நிறைய. குளிசையை நீங்களா நிப்பாட்டவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். சில குளிசையை ஒப்பரேசனுக்குச் சில நாள் முன்னமே நிப்பாட்டவேணும், சிலதை அண்டைக்குக் காலமை மட்டும் விடவேணும், அதை மயக்க மருந்து டொக்டர் சொல்லுவார். மருந்துப் பையை அப்பிடியே தூக்கிக்கொண்டு போய்க் காட்டுங்கோ.

பெப்ரவரி 12, இரவு 9.05

ஒண்டு கேக்க மறந்திட்டன். அம்மா வெத்திலை போடுறவவோ? போட்டால் புகையிலையோடயோ?

பெப்ரவரி 13, காலமை 6.50

புகையிலையோட போடுறவ எண்டு எழுதியிருக்கிறியள். எண்டால் இண்டையில இருந்தே நிப்பாட்டச் சொல்லுங்கோ. சுருட்டு, சிகரெட் குடிக்கிற ஆம்பிளையளுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை எண்டு நினைக்கிறம். நிக்கொட்டின் வாயால போனாலும் இரத்தக் குழாயைச் சுருக்கும். புகைக்கிற ஆக்களுக்கு அதுக்கு மேல காபன் மொனொக்சைட்டும் சேர்ந்து இரத்தம் ஒட்சிசனைக் காவுறதைக் குறைக்கும். ஒப்பரேசனுக்கு ஆகக் குறைஞ்சது நாலு கிழமை முன்னம் விட்டால் காயத்தில வாற பிரச்சினை குறையும் எண்டு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. புகைக்கிற ஆக்களுக்கு இருமலும் வரும், வயித்தில தையலோட இருமுறது எவ்வளவு கெடுதி எண்டு பிறகு எழுதுறன்.

யாழ்ப்பாணத்தில புகையிலை எங்கட தோட்டத்துப் பயிர், சுருட்டு எங்கட ஊர்ச் சாமான், அதால அதை ஒரு பழக்கம் எண்டே எண்ணுறேல்லை. வார்ட்டில "புகைக்கிறனீங்களோ" எண்டு கேட்டால் "இல்லை" எண்டுவினம், பக்கத்தில நிக்கிற மனிசி "சுருட்டு மட்டும்தான் மிஸ்" எண்டுவா. அதையும் சொல்லுங்கோ, வெத்திலையையும் சொல்லுங்கோ. ஆரும் பேசமாட்டினம்.

பெப்ரவரி 15, இரவு 9.20

சாப்பாட்டைப் பற்றித்தான் எனக்கு எழுத நிறைய இருக்கு.

ஆள் உடம்பா இருந்தால் சத்து இருக்கு எண்டு நினைக்கிறம். அப்பிடி இல்லை. கொழுப்புக்கு இரத்த ஓட்டம் குறைவு, தடிச்ச வயித்தில தைச்சால் உள்ளுக்கு இடைவெளி விழுந்து தண்ணி தேங்கும், கிருமிக்கு அது வாய்ப்பு. அந்தத் தடிச்ச உடம்புக்குள்ளயே புரதம் இல்லாத ஆக்களையும் கண்டிருக்கிறன். எங்கட ஊரில இப்ப பெரிய வீடு, மேல்மாடி, கேற், உள்ளுக்கு ஒரு அம்மா தனிய. பிள்ளையள் கனடாவில, லண்டனில, காசுக்குக் குறையில்லை. காலமை பாணும் சம்பலும், மத்தியானம் சோறும் ஒரு கறியும், இரவைக்கு ரெண்டு பிஸ்கெட்டும் தேத்தண்ணியும். தனி ஆளுக்கு ஏன் மீன் வாங்குவான், சமைச்சு ஆர் தின்னுறது எண்டுவினம். ஒரு அம்மாவுக்கு மருந்து கட்டப் போய்க் குசினியைப் பாத்தன், சாமியறை மாதிரித் துப்பரவு, அடுப்பில ஒரு கேத்தில் மட்டும். அவவின்ர காயம் சிவக்கவும் இல்லை, சீழும் இல்லை, மணமும் இல்லை. ஆனால் வெளிறின தசையோட, முளைக்காமல், கட்டு மாத்துற நேரமெல்லாம் அப்பிடியே கிடந்தது. நல்லா ஆறுற புண் மாதுளம் முத்து மாதிரிச் சிவந்து பொடிப்பொடியா எழும்பும், தொட்டால் லேசா இரத்தம் கசியும். இது ஈரக் கடதாசி நிறம். அன்ரிபயோட்டிக் மாத்தி மாத்திக் குடுத்திருக்கினம். நான் மகளுக்கு வைபரில கதைச்சு, முட்டை, மீன், பருப்பு, கடலை, தயிர் எண்டு ஒவ்வொரு நேரமும் ஏதாவது ஒண்டு வாய்க்குள்ள போற மாதிரி ஒரு சமையல்கார அக்காவை ஒழுங்குபடுத்தினது. ரெண்டு மூண்டு கிழமையில நிறம் மாறத் தொடங்கினது.

ஒப்பரேசன் செய்த உடம்புக்கு ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளைக்கு 1.2 தொடக்கம் 1.5 கிராம் வரை புரதம் தேவை எண்டுவினம், 60 கிலோ ஆளுக்கு 70, 90 கிராம். ஒரு முட்டையில ஆறு கிராம் அளவுதான் இருக்கு, யோசிச்சுப் பாருங்கோ. சிறுநீரகத்தில பழுது இருந்தால் மட்டும் டொக்டரைக் கேட்டு.

பெப்ரவரி 16, மத்தியானம் 1.10

இன்னொருத்தர் கீழ எழுதியிருக்கிறார், முட்டை, கத்தரிக்காய், தக்காளி, இறால் எல்லாம் கிரந்தி (புண்ணைக் கிளப்புற சாப்பாடு), தையல் வெட்டுமட்டும் குடுக்கக்கூடாது எண்டு. ஐயா, உங்களை மதிக்கிறன், என்ர அம்மாவும் உதைத்தான் சொன்னவ. இறால், நண்டு தின்றால் தடிக்கிற ஆக்கள், கடிக்கிற ஆக்கள் விடத்தான் வேணும், அது ஒவ்வாமை. மற்ற ஆக்களுக்கு முட்டையால காயம் சீழ் பிடிக்கிறேல்லை. சீழ் கிருமியால வாறது. பத்தியம் எண்டு சொல்லி வெறும் சோறும் ரசமும் குடுத்து ஆளைப் போடுறது, புதுத் தசை கட்டவேண்டிய கிழமையில அதுக்கு வேண்டிய சாமானைப் பறிக்கிறது.

அதுக்காகப் பத்தியம் முழுக்கப் பிழை எண்டு சொல்லவும் எனக்கு மனமில்லை. பிள்ளை பெத்தவைக்கு எங்கட ஆச்சிமார் மிளகு, உள்ளி போட்டு வைக்கிற சின்ன மீன் பத்தியக் கறி இருக்கே, அது அருமையான சாப்பாடு. அதையே ஒப்பரேசன் செய்த ஆளுக்கும் வையுங்கோ. முருங்கை இலையையும் போட்டு வறையுங்கோ.

பெப்ரவரி 23, இரவு 10.30

பழம் குளிர், சளி பிடிக்கும் எண்டு தேசிக்காய், கொய்யாப்பழம் எல்லாத்தையும் மறிக்கினம் எண்டு ஒரு தங்கச்சி எழுதினவ. அவவுக்காக இது.

1940 இல ஜோன் கிராண்டன் எண்ட அமெரிக்க சத்திரசிகிச்சை டொக்டர் தன்ர உடம்பிலயே செய்து பாத்த விசயம் ஒண்டு வெளிவந்தது. விற்றமின் சி துண்டாவே இல்லாத சாப்பாட்டை ஆறு மாசம் சாப்பிட்டார். மூண்டாம் மாசம் முதுகில ஒரு வெட்டு வெட்டிப் பாத்தவை, அது சாதாரணமா ஆறினது. ஆறாம் மாசம் வெட்டினது பத்து நாள் கழிச்சும் தோலுக்குக் கீழ பொருந்தாமலே கிடந்தது, விற்றமின் சி ஏத்தினாப் பிறகுதான் ஆறினது. கொலாஜன் நார் முறுகிப் பலமாக அந்த விற்றமின் வேணும். அப்ப, நாலு நாள் பழம் தின்னாட்டில் ஒண்டும் நடக்காது, மாசக்கணக்கா தேத்தண்ணியில சீவிக்கிற ஆளுக்குத்தான் பயம். கொய்யா, நெல்லி ரெண்டிலயும் அது தாராளமா இருக்கு. சலரோகக்காரர் நல்லாப் பழுக்காத கொய்யாவை அளவாத் தின்னலாம். தேசிக்காயை அடுப்பில கொதிக்க விடாமல் இறக்கினாப் பிறகு பிழியுங்கோ.

மார்ச் 2, காலமை 7.15

அப்பென்டிக்ஸ் வெடிச்ச அப்பாவின்ர காயத்தைத் தைக்காமல் திறந்து விட்டிட்டினம், கவலையீனம் எண்டு ஒருத்தர் கோவத்தில எழுதியிருக்கிறார். ஒரு விசயம் விளங்கவேணும். எல்லா வெட்டும் ஒரே மாதிரி இல்லை. ஹேர்னியா, தைரொயிட் மாதிரியானது சுத்தமான வெட்டு. பித்தப்பை, குடல் திறந்தால் கொஞ்சம் கிருமி சேரும். அப்பென்டிக்ஸ் வெடிச்சு வயித்துக்குள்ள சீழ் நிண்டால் அது அழுக்கான காயம், அதைத் தோல் வரைக்கும் இழுத்துத் தைச்சால் சீழை உள்ளுக்கு வைச்சுப் பூட்டுறதுதான். அதால தசையைத் தைச்சு, தோலைத் திறந்து விட்டு, ஒவ்வொரு நாளும் கட்டு மாத்தி, துப்பரவானாப் பிறகு தைப்பினம் அல்லது தானா ஆற விடுவினம். பாக்கப் பயம்தான், எனக்குத் தெரியும். ஆனால் அப்பாவைக் காப்பாத்தத்தான் அப்பிடி விட்டிருக்கினம். அதை வீட்டாருக்கு ஆரும் இருந்து சொல்லேல்லை எண்டால் அது குறைதான், அந்தக் கோவத்தில நியாயம் இருக்கு.

மார்ச் 9, பின்னேரம் 5.40

வீட்டில சவரம் செய்துபோட்டுப் போகலாமோ எண்டு கேட்டியள். வேண்டாம். பிளேட் பட்டால் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும், இரவிரவா அதுக்குள்ள கிருமி பெருகும். 2016 இல உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியும், மயிரை எடுக்காமல் விடு, எடுக்கத்தான் வேணுமெண்டால் கிளிப்பரால வெட்டு, சவரம் செய்யாதே எண்டுதான் சொல்லுது. முதல் நாளோ அண்டைக்குக் காலமையோ சவுக்காரம் போட்டு நல்லா முழுகினால் போதும். தொப்புளுக்குள்ள அழுக்கு இருக்கும், அம்மாவுக்குச் சொல்லி வடிவாத் துடைச்சு எடுங்கோ.

அன்ரிபயோட்டிக் வெட்ட முதல், அனேகமா ஒரு மணித்தியாலத்துக்குள்ள, ஊசியாப் போடுவினம். சுத்தமான வெட்டுக்குப் பிறகு கிழமைக்கணக்காக் குளிசை வேணும் எண்டில்லை, தரேல்லை எண்டு பாமசியில போய் வாங்கிக் குடுக்காதேங்கோ. காயத்தில பவுடர் தூவுறது, மஞ்சள் பூசுறது, கோப்பித்தூள் வைக்கிறது ஒண்டும் வேண்டாம். கோப்பித்தூளைக் கழுவி எடுக்கிற பாடு எனக்குத்தான் தெரியும்.

மார்ச் 9, இரவு 9.30

விட்டுப்போனது: மூட்டு நோவுக்கு, முட்டுக்கு (மூச்சிழுப்புக்கு) எண்டு ஆரோ குடுத்த பேர் தெரியாத குளிசை எடுக்கிறவ எண்டால் கட்டாயம் சொல்லவேணும். அதுக்குள்ள ஸ்ரெறொயிட் இருக்கிறதும் உண்டு, அது காயம் ஆறுறதைப் பிந்தவைக்கும். ஆனால் கன நாளா எடுத்த ஸ்ரெறொயிட்டைத் திடீரெண்டு நிப்பாட்டினால் உயிருக்கே ஆபத்து. சொல்லுங்கோ, நிப்பாட்டாதேங்கோ. இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கிற குளிசையும் அப்பிடித்தான், காயத்துக்குள்ள இரத்தம் கட்டினால் அதில கிருமி பிடிக்கும். உடம்பில இரத்தம் குறைவெண்டால் அதையும் இப்பவே டொக்டரிட்டக் காட்டிக் கூட்டப் பாருங்கோ.

மார்ச் 10, இரவு 8.00

நோயாளியைப் பாக்கப் போற சனத்தைப் பற்றி எழுதவேணும் எண்டு நினைச்சுக்கொண்டே இருந்தனான். வான் பிடிச்சு வருவினம், நெஸ்ரமோல்ட், அப்பிள் எல்லாம் வரும், கட்டில் விளிம்பில இருப்பினம், பிறகு "எங்க பாப்பம்" எண்டு துணியைத் தூக்கிக் கட்டைத் தொட்டுப் பாப்பினம். பஸ் கம்பியைப் பிடிச்ச கை. அன்பாலதான் செய்யினம், ஆனால் வேண்டாம்.

கிறீன் டொக்டர் யாழ்ப்பாணம் வந்தது 1847 இல. மானிப்பாயில எங்கட பொடியளுக்குத் தமிழிலயே வைத்தியம் படிப்பிச்ச மனுசன். அதே 1847 இலதான் வியன்னாவில செம்மல்வைஸ் எண்ட டொக்டர், பிள்ளைப்பேற்று வார்ட்டுக்கு வாற ஆக்கள் குளோரின் தண்ணியில கை கழுவவேணும் எண்டு சட்டம் போட்டு, காய்ச்சலில சாகிற தாய்மாரின்ர தொகையைச் சரியாக் குறைச்சவர். லிஸ்ரர் எண்ட சத்திரசிகிச்சை டொக்டர் கிருமியைக் கொல்லக் காயத்துக்குக் காபோலிக் அமிலம் வைச்ச கதை வெளிவந்தது 1867 இல. அவ்வளவு காலமாத் தெரிஞ்ச விசயம், கை கழுவுறது. அம்மாவின்ர கட்டிலடியில ஒரு கை கழுவுற போத்தல் வையுங்கோ, வாறவை கோவிச்சால் கோவிக்கட்டும்.

மார்ச் 24, இரவு 9.50

உடம்பைக் குறைக்கவேணும் எண்டு அம்மா இரவுச் சாப்பாட்டை விட்டிட்டா எண்டு எழுதியிருக்கிறியள். ஐயோ, வேண்டாம். நிறை குறைஞ்சால் ஹேர்னியாவுக்கு நல்லதுதான், அதை மாசக்கணக்கில ஆறுதலாச் செய்யவேணும். ஒப்பரேசனுக்கு ரெண்டு கிழமை இருக்கேக்க பட்டினி கிடந்தால் தசைதான் கரையும். சோத்தையும் சீனியையும் குறைச்சு, மீனையும் பருப்பையும் கூட்டுங்கோ. ஒவ்வொரு நாளும் நடக்கச் சொல்லுங்கோ.

இப்ப இருமல் விசயம். ஒரு கிழமையில காயத்தின்ர பலம் பழைய தோலின்ர பத்தில ஒரு பங்குதான். மூண்டு மாசத்திலதான் 70, 80 வீதத்துக்கு வரும், முழுப் பலம் திரும்ப வராது. வெளியால ஒட்டினது மாதிரி இருக்கும், உள்ளுக்கு அதுவரைக்கும் நூல்தான் பிடிச்சுக்கொண்டு நிக்குது, கொங்கிறீற் இறுகுமட்டும் பலகை அடிச்சு வைக்கிற மாதிரி. அதால இருமல் வந்தால், எழும்பேக்க, ஒரு சின்னத் தலையணியை வயித்தில அமத்திப் பிடிக்கவேணும். மலச்சிக்கலுக்கு முன்கூட்டியே மருந்து கேளுங்கோ, முக்கிறதும் வயித்தைத் தள்ளும்.

ஒரு பெரிய வயித்து ஒப்பரேசன் ஐயா, ஆறாம் நாளோ ஏழாம் நாளோ, காய்ச்சல் இல்லை, நோவில்லை, வீட்டுக்குப் போற சந்தோசத்தில இருந்தவர். இருமல்காரர். கட்டில ரோசாப்பூ நிறத்தில தண்ணி ஊறியிருந்தது, சீழ் இல்லை, இரத்தமும் இல்லை. "மிஸ், தண்ணி ஊத்துப்பட்டுப் போச்சு" எண்டார். மூத்த தாதி கண்ட உடன அவரைப் படுக்க வைச்சு டொக்டரைக் கூப்பிட்டவ. உள் தையல் விட்டிருந்தது. தோல் திறக்க முதல் தியேட்டருக்குக் கொண்டு போகக்கிடைச்சது. அஞ்சாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில வாற அந்த ரோசாத் தண்ணியை ஒரு நாளும் லேசா எடுக்காதேங்கோ.

ஏப்ரல் 5, இரவு 8.15

ஒப்பரேசன் நல்லபடி முடிஞ்சதெண்டு வாசிச்சன், சரியான சந்தோசம். சீனி 150, 160 இல நிக்குதெண்டால் நல்லது. முதல் ரெண்டு மூண்டு நாள் தையல் ஓரம் லேசாச் சிவந்து வீங்குறது வழமை. குறைஞ்சுகொண்டு வந்த நோவு திரும்பக் கூடினால், சிவப்பு பரவினால், சூடா இருந்தால், மணத்தால், குளிர் நடுங்கிக் காய்ச்சல் வந்தால், அண்டைக்கே போங்கோ, கிளினிக் நாளைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. காயத்தில கிருமி பிடிக்கிறது அனேகமா வீட்டுக்கு வந்தாப் பிறகுதான் தெரியும். சாதாரண ஒப்பரேசனுக்கு 30 நாள், வலை வைச்ச ஆளுக்கு 90 நாள் வரைக்கும் கவனம்.

வருசம் பிறக்குது. அம்மா பொங்கல் பானை தூக்க, தேங்காய் திருவ, கிணத்தில தண்ணி அள்ள வெளிக்கிடுவா. ஒண்டுக்கும் விடாதேங்கோ. ஆறு கிழமைக்குப் பாரம் தூக்கக்கூடாது. இந்த வருசம் மகன் பொங்கட்டும்.

ஏப்ரல் 18, காலமை 6.30

தையல் வெட்டினாப் பிறகு காயத்துக்குக் கீழ மெதுவான வீக்கம், அமத்தினால் தண்ணி மாதிரி ஆடுது, சிவப்பில்லை, காய்ச்சலில்லை எண்டு எழுதியிருக்கிறியள். வலை வைச்ச இடத்தில நிணத்தண்ணி தேங்குறது அடிக்கடி நடக்கும், கன பேருக்குக் கிழமைக்கணக்கில தானா வத்திப்போடும். ஆனால் இருமேக்க தள்ளுற வீக்கம் எண்டால் வேற கதை, அதால டொக்டர் கையால பாக்கத்தான் வேணும். ஊசி போட்டு இழுக்கிறன் எண்டு வாற ஆரையும் கிட்ட விடாதேங்கோ, வெளிக் கிருமி உள்ள போனால் வலையில பிடிச்சுப்போடும். பெல்ற்றைக் கட்டச் சொன்னவை எண்டால் கட்டட்டும். திங்கள் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, மருந்துப் பையையும் சீனி எழுதின கொப்பியையும் கொண்டு போங்கோ. அதுக்கு முன்னம் சிவந்தால், கொதிச்சால், திங்களைப் பாக்காமல் உடன வெளிக்கிடுங்கோ.